வெளிச்சத்தை எங்கே வைப்பது? பழமையான நிலவெளியில் அருங்காட்சியகத்தை விரிவாக்க ஐந்து வழிகள்

பழைய அருங்காட்சியகம் ஒன்று. சுற்றிலும் அதைவிடப் பழைய மரங்கள், புல்வெளி, ஒரு குளம். சேகரிப்பு பெருகிவிட்டது, கிடங்கில் கிடப்பதில் பெரும்பகுதியைப் பார்வையாளர் எவரும் கண்டதில்லை. இடத்தை விரிவாக்க வேண்டும் என்பதில் அறங்காவலர்கள், காப்பாட்சியர், கட்டடக் கலைஞர் எல்லோருக்கும் ஒரே கருத்து. புதிய பகுதி வெளிச்சம் நிறைந்ததாக இருக்க வேண்டும் என்பதிலும் ஒரே கருத்துதான். சிக்கல் அடுத்த கூட்டத்தில் தொடங்குகிறது. ஒருவர் எல்லாவற்றையும் மண்ணுக்குள் இறக்கிவிடலாம் என்கிறார். இன்னொருவர் கண்ணாடி மண்டபம் கேட்கிறார். மூன்றாமவர், நடுமுற்றத்துக்குக் கூரை போட்டால் போதுமே என்கிறார். அங்கே மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் பக்கச் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் நடக்கிறவருக்கு வேண்டும், நிழல் பொருளுக்கு வேண்டும். கீழே வரும் ஐந்து வழிகளையும் இந்தக் கண்ணோடுதான் எடைபோட்டிருக்கிறேன். கண்ணாடியின் பரப்பளவைச் சொல்லி மயக்கும் வரைபடங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. அந்தக் கண்ணாடி வழியே வரும் ஒளி எந்த நேரத்தில், எதன்மேல், எவ்வளவு நேரம் விழுகிறது என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

சேகரிப்பின் தாங்குதிறன். இதைக் கணக்குப் போடாமல் வடிவம் பேசவே கூடாது. ஒளியூட்டத்துக்கான பன்னாட்டு ஆணையம் 2004-இல் வெளியிட்ட பரிந்துரை பொருள்களை நான்காகப் பிரிக்கிறது. கல், உலோகம், பெரும்பாலான மட்பாண்டம் ஆகியவற்றுக்கு வரம்பு இல்லை. எண்ணெய் ஓவியம், மரம், தந்தம் போன்றவற்றுக்கு 200 லக்ஸ் (ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியின் அளவு). ஆண்டுக்கு 6,00,000 லக்ஸ்-மணி, அதாவது லக்ஸை ஒளிபடும் மணி நேரத்தால் பெருக்கிய தொகை. நீர்வண்ணம், அச்சுப் படங்கள், சுவடிகள், திரைச்சீலைகளுக்கு 50 லக்ஸ், ஆண்டுக்கு 1,50,000. பட்டுக்கும், எளிதில் வெளிறும் சாயங்களுக்கும் அதே 50 லக்ஸ்தான், ஆனால் ஆண்டுக்கு வெறும் 15,000.

கடைசி எண்ணைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். 15,000-ஐ 50-ஆல் வகுத்தால் 300 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் திறந்திருந்தால், அந்தப் பட்டுத்துணியை ஆண்டுக்கு 37 நாள் காட்டலாம். மிச்ச நாளெல்லாம் இருட்டில் இருக்க வேண்டும். வெளியே நேர் வெயிலோ 1,00,000 லக்ஸை எட்டும். மேகமூட்டமான பகலில்கூட 10,000 சாதாரணம். ஆக, எண்ணெய் ஓவியம் தொங்கும் அறைக்குள் வெயிலின் ஐந்நூற்றில் ஒரு பங்கைத்தான் விடலாம். மிச்சத்தைத் தடுப்பதுதான் கூரையின் வேலை.

நிலத்தின் நிலைமை. தோட்டமும் வரலாற்றுச் சின்னமே என்று 1981-இல் புளோரன்சில் எழுதப்பட்ட சாசனம் சொல்கிறது. "உயிருள்ள நினைவுச்சின்னம்" என்பது அதன் பார்வை. கட்டடத்தின் சூழலையும் அமைப்பின் சமநிலையையும் குலைக்கும் சேர்க்கைக்கு இடமில்லை என்று நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் முன்பே சொல்லிவிட்டது. பார்வைக் கோட்டைக் கெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் சாட்சி. எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. குறுக்கே ஒரு பாலம் எழுந்ததால் 2009-இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

கண்ணுக்குத் தெரியாத பாதி மண்ணுக்குள் இருக்கிறது. மரத்தின் வேரைக் காக்க, அடிமரத்தின் விட்டத்தைப்போல் 12 மடங்கு ஆரத்துக்குள் தோண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் பிரிட்டிஷ் கணக்கு. 80 செ.மீ. தடிமனுள்ள மரமென்றால் சுற்றிலும் கிட்டத்தட்ட 10 மீட்டர். வரைபடத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் இந்த வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். காலியிடம் என்று நினைத்ததில் பாதி காணாமல் போகும்.

நடை. பழைய வாசலின் மதிப்பு குறையாமல் புதிய பகுதிக்குள் எப்படிப் போவது? பளீரென்ற புல்வெளியிலிருந்து 50 லக்ஸ் அறைக்குள் நேராக நுழைந்தால் ஓவியம் கறுப்பாகத்தான் தெரியும். கண் பழகச் சில நிமிடங்கள் வேண்டும். அந்த நிமிடங்களை நடைபாதையின் நீளமாகவும் படிப்படியாகக் குறையும் வெளிச்சமாகவும் மாற்றத் தெரிந்தவரே நல்ல வடிவமைப்பாளர்.

ஐம்பதாண்டுச் செலவு. கட்டும் தொகை ஒருமுறை வருவது. கண்ணாடி துடைப்பது, கசிவு அடைப்பது, இரட்டைக் கண்ணாடியின் ஓரப்பூச்சு இருபது முப்பது ஆண்டுகளில் தளர்ந்ததும் மாற்றுவது, காவலர் சம்பளம், குளிர்விப்பு இவையெல்லாம் ஆண்டுதோறும் வரும்.

திருப்பி எடுக்க முடியுமா? அடுத்த தலைமுறைக்கு நம் முடிவு பிடிக்காமல் போகலாம். அகற்றினால் நிலம் பழைய நிலைக்குத் திரும்புமா என்று இன்றே கேட்டுவிட வேண்டும்.

## வழி 1: மண்ணுக்குள் இறங்குவது

நிலவெளியைத் தொடாமல் இடம் பெறலாம் என்ற எண்ணம்தான் இதன் கவர்ச்சி. பிராங்க்பர்ட்டின் ஷ்டேடல் அருங்காட்சியகம் 2012-இல் இதை மிக நேர்த்தியாகச் செய்தது. தோட்டத்துக்கு அடியில் சுமார் 3,000 சதுர மீட்டர் காட்சிக்கூடம். மேலே புல்வெளி மெல்லக் குமிழ்ந்து நிற்கிறது. அதில் 195 வட்டக் கூரைச் சாளரங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டரிலிருந்து 2.7 மீட்டர் வரை விட்டம். அவற்றின்மேல் நடக்கலாம். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் வெயிலை மறைக்கும் திரையும் மின்விளக்கும் சேர்ந்தே இருக்கின்றன. இரவில் புல்வெளியில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும்.

வெளிச்சக் கணக்கில் இந்த வழிக்கு ஒரு பெரும் பலம்: எல்லா ஒளியும் மேலிருந்து, சிறு துளைகள் வழியே, நம் கட்டுப்பாட்டில் வருகிறது. ஓவியத்துக்கு மேலொளியே உகந்தது என்பது 1817-இல் பொதுமக்களுக்குத் திறந்த லண்டன் டல்விச் ஓவியக்கூடத்தில் கட்டடக் கலைஞர் ஜான் சோன் காட்டிய பாடம். சுவர் முழுக்கப் படத்துக்குக் கிடைக்கிறது, பார்ப்பவர் கண்ணில் கூசும் ஜன்னலும் இல்லை.

ஆனால் மறைந்த செலவுகளில் முதலிடமும் இதற்குத்தான். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போகும் ஒவ்வொரு மீட்டருக்கும், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் நீர் சுமார் ஒரு டன் விசையோடு மேலே தள்ளும். மூன்று மீட்டர் ஆழத்தில் மூன்று டன். கட்டடம் படகுபோல் மிதக்கப் பார்க்கும். தடித்த கான்கிரீட்டாலோ பூமிக்குள் நங்கூரம் பாய்ச்சியோ அதைப் பிடித்து வைக்க வேண்டும். மேலே ஒரு மீட்டர் ஈரமண் போட்டால் கூரைமேல் சதுர மீட்டருக்கு இன்னொரு இரண்டு டன். அந்த மண்ணில் புல் வளரும், செடி வளரும். அங்கே முன்பு நின்ற பெருமரம் மட்டும் திரும்ப வராது. "புல்வெளி அப்படியே இருக்கும்" என்று வரைபடம் காட்டும்போது, அந்தப் புல்வெளியின் அடியில் என்ன மண், எத்தனை ஆழம் என்று கேளுங்கள்.

வெள்ளத்தைப் பற்றி வேறு பேச வேண்டும். 2016 ஜூனில் சேன் ஆறு உயர்ந்தபோது பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் கதவை மூடிவிட்டு, அடித்தளக் கிடங்குகளில் இருந்த பல்லாயிரம் பொருள்களை மேல்தளங்களுக்கு ஏற்றியது. ஆறோ ஏரியோ அருகில் இருந்தால் இந்த வழியைத் தேர்வதற்கு முன் நூறாண்டு வெள்ளக் குறியைத் தேடிப் பாருங்கள்.

லூவரிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. ஐ.எம்.பெய் வடிவமைத்து 1989-இல் திறந்த கண்ணாடிப் பிரமிடு உண்மையில் மண்ணுக்குள் இறங்கிய விரிவாக்கத்தின் வாசல்தான். 21.6 மீட்டர் உயரம். பழைய அரண்மனை பச்சை படிந்து தெரியக் கூடாதென்று தனியாகச் செய்த தெளிந்த கண்ணாடி. வெளிச்சம் முழுவதும் கூடத்தில் விழுகிறது, கலைப்பொருள்கள் தள்ளியே இருக்கின்றன. என் அளவுகோலுக்கு இது சரியான பங்கீடு. எண்ணிக்கைதான் தப்பியது: ஆண்டுக்கு ஐம்பது லட்சத்துக்கும் குறைவான கூட்டத்தை நினைத்துக் கட்டிய கூடத்துக்கு 2018-இல் ஒரு கோடிக்கும் மேல் வந்தார்கள். இரைச்சலும் நெரிசலும் அந்தக் கூடத்தில் தீராத குறையாயின. மண்ணுக்குள் இருக்கும் கூடத்தைப் பின்னால் அகலப்படுத்துவது மிகக் கடினம்.

எப்போது நல்லது: நீர்மட்டம் ஆழத்தில் இருந்து, மேலே பெருமரங்கள் இல்லாத வெறும் புல்வெளியாக இருந்து, பார்வைக் கோட்டில் எதுவும் எழவே கூடாதென்ற கட்டாயமும் இருந்தால். காகிதமும் துணியும் சேகரிப்பில் மிகுந்திருந்தால் இன்னும் பொருத்தம்.

## வழி 2: நிலத்தோடு இழையும் சிறு மண்டபங்கள்

முழுவதும் புதைக்காமல், முழுவதும் எழுப்பாமல், சரிவோடு சேர்த்துத் துண்டு துண்டாக இறக்குவது. என் மனம் அதிகம் சாய்வது இங்கேதான். அதனால் இதன் குறைகளையும் கூடுதலாகவே தேடிப் பார்த்தேன்.

அமெரிக்காவில் கேன்சஸ் நகரின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகம் 1933-இல் எழுந்த செவ்வியல் பாணிக் கற்கட்டடம். முன்னால் பரந்த புல்வெளி, சிற்பப் பூங்கா. கட்டடக் கலைஞர் ஸ்டீவன் ஹால் 2007-இல் முடித்த, பிளாக் கட்டடம் எனப்படும் விரிவாக்கம் அந்தப் புல்வெளியின் கிழக்கு ஓரமாக 840 அடி நீளத்துக்குச் சரிவில் இறங்குகிறது. வெளியே தெரிவது ஐந்து கண்ணாடிப் பெட்டகங்கள் மட்டும். காட்சிக்கூடங்கள் அவற்றுக்கு இடையே புல்லுக்கு அடியில் ஓடுகின்றன. இரண்டு அடுக்குக் கண்ணாடி ஒளியை வடிகட்டிச் சிதறடிக்கிறது. உள்ளே வளைந்த சுவர்கள் அதை ஏந்திக் கீழே இறக்குகின்றன. பார்வையாளர் ஒவ்வொரு பெட்டகத்திலும் வெளியே பார்த்துக்கொண்டு, மறுபடி நிழலுக்குள் இறங்கி, மறுபடி வெளிச்சத்துக்கு வருகிறார். கண் பழகுவதற்கான நேரம் நடையிலேயே கிடைத்துவிடுகிறது. வாகன நிறுத்தத்துக்குக்கூட மேலே உள்ள குளத்தின் நீர் வழியே வட்டக் கண்ணாடிகள் ஒளியை அனுப்புகின்றன.

இதே சிந்தனையின் பொறுமையான வடிவம் டென்மார்க்கில், ஓரெசுண்ட் நீரிணைக் கரையில் இருக்கும் லூசியானா. 1855-ஆம் ஆண்டின் பழைய மாளிகை ஒன்றிலிருந்து, 1958-இல் மரங்களுக்கிடையே வளைந்து போகும் கண்ணாடி நடைக்கூடங்கள் கிளம்பின. (அந்த வீட்டைக் கட்டியவர் மணந்த மூன்று மனைவியருக்கும் லூயிஸ் என்றே பெயராம், இடத்துக்கு அப்படி வந்தது பெயர்.) 1982-இல் தெற்குப் பகுதி. 1991-இல் இன்னொரு பகுதி. அது காகித ஓவியங்களுக்கானது என்பதால் நிலத்துக்கு அடியில் போனது. முப்பதாண்டுகளுக்கு மேல், கொஞ்சம் கொஞ்சமாக, மரத்துக்கு விலகி மரத்துக்கு விலகிக் கட்டியிருக்கிறார்கள். நடக்கிறவருக்குக் கண்ணாடி, காகிதத்துக்கு மண்.

இனி மறைந்த செலவுகள். ஒரே பெரிய கட்டடத்தைவிடப் பல சிறு மண்டபங்களுக்கு வெளிச்சுவர் நீளம் பல மடங்கு. வெப்பம் நுழையும் பரப்பும் கசிவு வரக்கூடிய மூட்டும் அதே விகிதத்தில் கூடும். ஒரு காவலர் ஒரே இடத்தில் நின்று நாலு அறையைக் கவனிக்க முடியாது. நீண்ட சரிவுகள் முதியவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் சோர்வு தரும். இடையிடையே சமதளமும் இருக்கையும் திரும்பி வரக் குறுக்குவழியும் வேண்டும். பறவைகள் மரத்தின் பிம்பத்தைக் கண்ணாடியில் கண்டு வந்து மோதும். ஒளி ஊடுருவினாலும் எதிரொளிக்காத புள்ளியிட்ட கண்ணாடியோ பால்நிறக் கண்ணாடியோ இங்கே கட்டாயம். இரவில் விளக்கெரியும் மண்டபம் அழகுதான். ஆனால் அந்தத் தோட்டம் நூறாண்டுகளாக இருட்டில் உறங்கிய தோட்டம். ஆந்தைக்கும் வௌவாலுக்கும் அந்த இருட்டு வேண்டும். விளக்கணைக்கும் நேரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடச் சொல்வேன்.

எப்போது நல்லது: நிலம் சரிவாக இருந்தால். மரங்கள் சிதறி நின்றால். பணம் ஒரே தவணையில் வராமல் பத்துப் பதினைந்தாண்டுகளில் வரும் என்றால், லூசியானா காட்டிய கட்டம் கட்டமான வழியே பாதுகாப்பு. சமதளத்தில், நேர்கோட்டில் வெட்டிய பழைய தோட்டத்தில் இது ஒட்டாது.

## வழி 3: முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை

பழைய கட்டடத்தின் நடுவே முற்றம் இருந்தால் நிலவெளியைத் தொடவே வேண்டாம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் திறந்த பெருமுற்றம் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. நடுவே 1857-இல் திறந்த வட்ட வாசிப்பறை, சுற்றிலும் நாற்கர முற்றம். இரண்டையும் இணைக்கும் கூரையில் 3,312 கண்ணாடித் துண்டுகள். வட்டம் சரியாக நடுவில் இல்லாததால் ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது. அதாவது ஒன்று உடைந்தால் கடையில் வாங்கி மாட்ட முடியாது. கூரை பழைய சுவர்களின்மேல் நழுவுதாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது; வெயிலில் விரியும்போது சுவரைப் பக்கவாட்டில் தள்ளாது.

வாஷிங்டனில் தேசிய உருவப்படக் கூடமும் அமெரிக்கக் கலை அருங்காட்சியகமும் சேர்ந்திருக்கும் பழைய கட்டடத்தில், 2007-இல், பெருமுற்றத்தை வடிவமைத்த அதே ஃபாஸ்டர் நிறுவனம் வேறு முடிவு எடுத்தது. அலை வடிவக் கூரையை எட்டுத் தூண்கள் தாங்குகின்றன. பழைய சுவர்மேல் பாரம் ஏறவில்லை. உங்கள் சுவரின் வயதும் வலுவும் தெரியாவிட்டால் தூண்களில் தாங்கும் இந்த முறையே பாதுகாப்பு.

இந்த வழியில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கிடைப்பது கூடம்தான், காட்சிக்கூடம் கிடைப்பதில்லை. பகலெல்லாம் ஆயிரக்கணக்கான லக்ஸ் விழும் இடத்தில் கற்சிலை வைக்கலாம், கூட்டம் நிற்கலாம், குழந்தைகள் உட்கார்ந்து வரையலாம். ஓவியம் மாட்ட முடியாது. தேவை காட்சியிடமா, மக்கள் நிற்கும் இடமா என்பதை மேசையில் வைத்துப் பிரித்துப் பேசாமல் இதில் இறங்கக் கூடாது. முற்றத்தைப் பார்த்திருந்த அறைகளின் ஜன்னல்களுக்கு இனி வெளிக்காற்று வராது. எதிரொலி, புகை வெளியேற்றம், மழைநீர் வடிகால் எல்லாம் புதிய கணக்குகள்.

எப்போது நல்லது: தோட்டத்தில் ஒரு செங்கல்லும் வைக்க அனுமதி இல்லாதபோது, பழைய அறைகள் போதும், நுழைவும் நடமாட்டமும்தான் நெருக்கடி என்னும்போது.

## வழி 4: தள்ளி நிற்கும் தனிக் கட்டடம்

பழையதை அப்படியே விட்டுவிட்டு, மரியாதையான தொலைவில் புதியதைக் கட்டுவது. அமெரிக்காவில் ஃபோர்ட் வொர்த்தின் கிம்பெல் அருங்காட்சியகம் இதற்கு நல்ல வழக்கு. கட்டடக் கலைஞர் லூயி கான் 1972-இல் முடித்த கட்டடம் அது. நீண்ட வில்வளைவுக் கூரைகளின் உச்சியில் ஓடும் கீற்றின் வழியே ஒளி இறங்கி, வளைந்த கான்கிரீட்டில் பட்டு வெள்ளியாய்ப் பரவும். 1989-இல் அதே வளைவுகளை இருபுறமும் நீட்டிக்க ஒரு திட்டம் வந்தது. எதிர்ப்பு கிளம்பிக் கைவிடப்பட்டது. மூலத்தை நகலெடுத்து நீட்டினால் மூலத்தின் அளவே கெட்டுவிடும் என்று எதிர்த்தவர்கள் பக்கமே நான். 2013-இல் ரென்சோ பியானோ, புல்வெளிக்கு அப்பால் சுமார் 60 மீட்டர் தள்ளி, தாழ்வான தனி மண்டபம் கட்டினார். மரவுத்திரங்கள், மேலே கண்ணாடி, அதன்மேல் சூரியத் தகடு பதித்த சாய்பலகைகள்.

அந்தக் கட்டடத்தின் மிகச் சிறந்த வேலை கட்டடத்தில் இல்லை, வாகன நிறுத்தத்தில் இருக்கிறது. முன்பு பெரும்பாலோர் பின்பக்கத்து நிறுத்தத்திலிருந்து கீழ்த்தளம் வழியே கானின் கட்டடத்துக்குள் போனார்கள். அவர் நினைத்த மரங்களடர்ந்த முகப்பைப் பார்த்ததே இல்லை. புதிய நிறுத்தம் புதிய மண்டபத்துக்கு அடியில் வந்தது. மேலேறி வருபவர் இப்போது கானின் முகப்பைப் பார்த்தபடிதான் வெளியே வருகிறார். விரிவாக்கம் பழைய கட்டடத்துக்கு அதன் வாசலைத் திருப்பித் தந்தது.

பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் தள்ளி நிற்பதைத் தவிர வேறு வழியே இல்லை. காட்சி வரிசையை மாற்றினால் சேகரிப்பை விற்றுவிட வேண்டும் என்பது நிறுவியவரின் உயில். நீதிமன்ற அனுமதி பெற்ற பிறகே 2012-இல் புதிய பகுதி திறந்தது. இரண்டையும் கண்ணாடி வழி ஒன்று இணைக்கிறது. இசையரங்கு, வாசல், பணிமனை, உணவகம் எல்லாம் புதியதில். பழைய மாளிகைக்குக் கூட்டத்தின் தேய்மானம் குறைந்தது. அதற்காகத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்த பழைய வண்டிக்கொட்டகை இடிபட்டது, அதற்கு வருந்தியவர்களும் உண்டு.

தனிக் கட்டடத்தின் கூரையில் நாம் விரும்பியபடி ஒளியை ஆளலாம். நில நடுக்கோட்டிலிருந்து வடக்கே தள்ளியிருந்தால் வடவொளி சீரானது. நடுக்கோட்டை நெருங்க நெருங்க ஆண்டில் சில மாதம் சூரியன் வடக்கேயும் வரும், ஆகவே அங்கே வடக்குச் சாளரத்துக்கும் மறைப்பு வேண்டும். அக்கம்பக்கத்தையும் மறக்கக் கூடாது. டல்லாஸின் நாஷர் சிற்ப மையத்தில் 2003-இல் வடக்கு வானத்தை மட்டும் பார்க்கும்படி மிக நுட்பமான கூரை அமைத்தார்கள். பிறகு வடக்கே 42 மாடிக் கண்ணாடிக் கோபுரம் எழுந்தது. அதில் பட்டுத் திரும்பிய வெயில், வராது என்று நினைத்த திசையிலிருந்து கூடத்துக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் பாய்ந்தது. வானவெளிக்குப் பத்திரம் கிடையாது. சுற்றுப்புற உயரக் கட்டுப்பாட்டை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

இன்னொரு செலவு: எல்லாம் இரண்டாகும். இரண்டு வாசல், இரண்டு பாதுகாப்பு, இரண்டு குளிர்விப்பு. பொருளைக் கொண்டுபோக நிலத்தடி வழி வேண்டும். அதற்குத் தோண்டினால் வேர்க்கணக்கு மறுபடி வந்து நிற்கும்.

எப்போது நல்லது: பழைய கட்டடமே பெரும் கலைப்படைப்பாக இருந்து, ஒட்டிக் கட்டுவதே அவமதிப்பாகும்போது, தோட்டத்தில் ஏற்கெனவே சிதைந்த ஒரு மூலை (பழைய வாகன நிறுத்தம், பணியாளர் குடில்) கிடைக்கும்போது.

## வழி 5: கட்டாமல் இடம் தேடுவது

இதைக் கூட்டத்தில் யாரும் முதலில் சொல்வதில்லை, நிதி கொடுப்பவருக்குப் பெயர்ப்பலகை கிடைக்காது என்பதால். ஆனால் நான் முதலில் சோதிக்கச் சொல்வது இதைத்தான். பழைய கட்டடத்தில் கிடங்கும் அலுவலகமும் எவ்வளவு பரப்பை விழுங்குகின்றன என்று அளந்து பாருங்கள். லூவர் 2019-இல் பாரிசிலிருந்து வடக்கே லியேவினில் சேமிப்பு மையம் திறந்தது. சுமார் 2,50,000 பொருள்களை அங்கே கொண்டுபோகும் திட்டம், வெள்ள அச்சத்துக்கும் அதுவே தீர்வு. ரோட்டர்டாமில் 2021-இல் திறந்த பாய்மன்ஸ் அருங்காட்சியகத்தின் சேமிப்பகம் ஒரு படி மேலே போய்க் கிடங்கையே பார்வைக்குத் திறந்துவிட்டது.

காலியாகும் அறைகளில், காலப்போக்கில் அடைத்த பழைய ஜன்னல்களையும் கூரைச் சாளரங்களையும் திறந்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலமும் திரையும் போட்டாலே பல இடங்களில் தேவையான வெளிச்சம் வந்துவிடும். மறைந்த செலவு போக்குவரத்தும் ஆய்வாளரின் நேரமும்தான். பொருள் ஒவ்வொரு முறை வண்டியேறும்போதும் ஆபத்து உண்டு.

எப்போது நல்லது: காட்சிக்கு வேண்டிய கூடுதல் பரப்பு, இப்போது கிடங்குக்குப் போகும் பரப்பைவிடக் குறைவாக இருந்தால். அப்படியென்றால் மற்ற நான்கையும் படிக்கவே தேவையில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | வெளிச்சம் எங்கே விழும் | நிலவெளிக்கு என்ன ஆகும் | அதிகம் மறக்கப்படும் செலவு | திருப்பி எடுக்கலாமா |
|---|---|---|---|---|
| மண்ணுக்குள் | மேலிருந்து, துளி துளியாக. பொருளுக்கு நல்லது | தோற்றம் நிலைக்கும், பெருமரம் போகும் | நீரின் மேலழுத்தம், வெள்ளம் | முடியாது |
| சிறு மண்டபங்கள் | நடையில். பொருள் நிழலில் | சரிவோடு இழையும் | வெளிச்சுவர் பரப்பு, காவலர், பறவை மோதல் | ஓரளவு |
| முற்றக் கூரை | கூடத்தில் மட்டும் | மாற்றம் இல்லை | தனி அளவுக் கண்ணாடி, எதிரொலி | பெரும்பாலும் முடியும் |
| தனிக் கட்டடம் | விரும்பியபடி | ஒரு மூலை போகும் | இரட்டைப் பராமரிப்பு, அண்டைக் கட்டடம் | முடியும், வேர் தவிர |
| கட்டாமல் | பழைய ஜன்னல் வழி | மாற்றம் இல்லை | போக்குவரத்து | எப்போதும் |

## என் தேர்வு வரிசை

ஐந்தாவதை முதலில் சோதியுங்கள். அது போதாதென்றால் நிலம் சரிவா சமமா என்று பாருங்கள். சரிவென்றால் இரண்டாவது வழி, சமமென்றால் நான்காவது. முற்றம் இருந்தால் மூன்றாவதை இவற்றோடு சேர்த்துச் செய்யலாம், அதுமட்டும் விரிவாக்கம் ஆகாது. முதல் வழியைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் அழகில் குறை என்பதால் இல்லை. ஷ்டேடலின் புல்வெளியைப்போல் நயமானது அபூர்வம். தவறினால் சரிசெய்ய முடியாத ஒரே வழி அது. வரலாற்றுத் தோட்டத்தை அழித்து அருங்காட்சியகம் கட்டுவது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதாகும்; தோண்டும் எந்திரம் அதை ஒரே வாரத்தில் செய்துவிடும்.

கலவையும் உண்டு. மாசசூசெட்ஸின் கிளார்க் கலை நிறுவனத்தில் 2014-இல் தடாவோ ஆண்டோ முடித்த பகுதியில் சிறப்புக் காட்சிக்கூடங்கள் நிலத்துக்கு அடியில். மேலே கண்ணாடியும் கல்லுமான மெல்லிய மண்டபம், எதிரே படிப்படியாக இறங்கும் குளம். ஓவியம் இருட்டில், மனிதர் வெளிச்சத்தில், நடுவே குன்றுகளைக் காட்டும் நீர்.

முடிவெடுக்கும் முன் ஓராண்டு கேட்டு வாங்குங்கள். உத்தேசிக்கும் இடத்தில் கட்டடத்தின் முழு உயரத்துக்குக் கம்பங்களை நட்டு, அவற்றுக்கிடையே கயிறும் துணியும் கட்டுங்கள். பழைய வாசலில் நின்றும், குளக்கரையில் நின்றும், தெருவில் நின்றும் பாருங்கள். ஒளியளவுப் பதிவுக்கருவிகளைத் தரையிலும் கம்பத்திலும் வைத்து, சூரியன் மிக உயரத்தில் நிற்கும் நாளிலும் மிகத் தாழ்ந்திருக்கும் நாளிலும் எடுத்த எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மழைக்குப் பிறகு சோதனைக் குழியில் நீர் எத்தனை நாள் நிற்கிறது என்று குறியுங்கள். பக்கத்திலேயே காப்பாட்சியரிடமிருந்து இன்னொரு பட்டியல் வாங்கி வையுங்கள்: எது 50 லக்ஸ், எது 200, எது எவ்வளவும் தாங்கும். கட்டடக் கலைஞரை அழைக்கும் முதல் கூட்டத்துக்கு இந்த இரண்டு தாள்களையும் கொண்டு போங்கள்.